திரும்புகிற யானை

மூக்கண்டப்பள்ளி
19 நவம்பர் 2023

அண்ணனுக்கு,

ஜெயா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. காலைக் குளிரில் விரல்கள் மட்டும் மடங்க மாட்டேன் என்கின்றன. நீயும் கெம்பம்மா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ராகி கதிர் பிடித்துவிட்டதா?

போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. நீ சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறும் நேரம் நான் ஷிப்டில் இருக்கிறேன். நான் வெளியே வரும்போது நீ காட்டுக்குள் இருக்கிறாய். அதனால் இதை அஞ்செட்டி பஸ் டிரைவர் கோவிந்தப்பன் அண்ணனிடம் கொடுத்து விடுகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு அடுத்த வருஷம் இருபத்தைந்து முடிகிறது. முதலாளி ஜெகதீஷ் சார் கேட் முன்னால் வெண்கலத்தில் ஒரு யானை வைக்க ஆசைப்படுகிறார். பம்புக்கு விசிறி வார்க்கிற நம் உலையிலேயே அதையும் வார்க்க வேண்டுமாம். நான் சிற்பம் படித்தவள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். பதினொரு வருஷமாக, வார்ப்புக்கு முன்னால் மெழுகில் எடுக்கிற விசிறியில் கோடு விழுந்தால் தேய்த்துச் சரிசெய்கிறவளைக் கூப்பிட்டு, "நீங்கதான் செய்யணும்" என்கிறார். தும்பிக்கையைத் தூக்கி வரவேற்கிற மாதிரி வேண்டுமாம்.

சின்னதாக மூன்று களிமண்ணில் செய்து பார்த்தேன். மூன்றும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கின்றன. ஒரு காலைத் தூக்கி வைத்தேன், தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான். செல்போனில் வீடியோவாகப் பார்த்துக் கண் எரிகிறது. நடப்பது தெரிகிறது, கனம் தெரியவில்லை.

நீ பதினாலு வருஷமாக வனத்துறை வாட்சர் வேலையில் யானைகளின் பின்னாலேயே ஓடுகிறாய். யானை எப்படி நடக்கிறது, அண்ணா? நேரம் கிடைத்தால் எழுது. படம் போட்டாலும் சரி.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ஜெயப்ரியா

*

அஞ்செட்டி மலை
2 டிசம்பர் 2023

தங்கச்சி ஜெயாவுக்கு சம்பங்கி எழுதிக்கொண்டது. நாங்கள் இருக்கிறோம். கெம்பம்மாவுக்கு இடுப்பு வலி விட்டுவிட்டு வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. விரலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிப் போடு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்புதான் வந்தது. யானை எப்படி நடக்கிறது என்று இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. எத்தனை, எந்தப் பக்கம் போச்சு, இதுதான் கேட்பார்கள். நாங்கள் கர்நாடகா பக்கம் விரட்டுவோம். அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு நாளில் இங்கே விரட்டுவார்கள். அதுகளுக்கும் அலுப்பு, எங்களுக்கும் அலுப்பு. ராகி முடிகிற வரைக்கும் இப்படித்தான்.

நான் பார்த்தது எல்லாம் பின்பக்கம். அதனால் பின்பக்கத்தைச் சொல்கிறேன். முன்கால் வைத்த தடத்திலேயே பின்கால் வந்து விழும். ஈர மண்ணில் பார்த்தால் இரண்டு கால் ஜந்து போன மாதிரி இருக்கும். கீழே தடம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். காலை ஊன்றும்போது பாதம் பரவும், தூக்கும்போது சுருங்கும். அதனால்தான் சேற்றில் சிக்காது. ஊன்றிய பக்கம் இடுப்பு ஏறும், மற்ற பக்கம் தொங்கும். தோளில் மூட்டை வைத்துக்கொண்டு படி ஏறுகிறவன் இடுப்பு மாதிரி. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு கால் மண்ணில் இருக்கும். குதிரை மாதிரி நாலையும் தூக்காது.

இப்போது பதினோரு யானை கூட்டம் வந்திருக்கிறது. அதில் இடது காது கிழிந்த பெண் யானை ஒன்று, குட்டியோடு. கன்னட வாட்சர்கள் அதைக் கிவி என்பார்கள், கிவி என்றால் காது. கூட்டம் நிற்பதும் நகர்வதும் அவள் சொல்படிதான். அவளைப் பார்த்து எழுதுகிறேன்.

தும்பிக்கையைத் தூக்கிக் கத்துகிற யானை சும்மா மிரட்டுகிறது. உன் முதலாளியிடம் சொல்லிவிடு.

சம்பங்கி

*

மூக்கண்டப்பள்ளி
10 டிசம்பர் 2023

அண்ணனுக்கு,

வேப்பெண்ணெய் போட்டேன், தேவலாம். அண்ணியின் இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்து விட்டிருக்கிறேன். கட்டச் சொல்.

நீ எழுதியதை மண்ணில் வைத்துப் பார்த்தேன். ஊன்றிய பாதத்தை அகலமாக்கி, தூக்கிய பாதத்தைச் சுருக்கினேன். இடுப்பை ஒரு பக்கம் ஏற்றினேன். பின்னால் நின்று பார்த்தால் அது போகிறது, அண்ணா. முதல் தடவையாகப் போகிறது. மெழுகுப் பிரிவில் எல்லாரும் வந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முன்னால் வந்தால் மறுபடி பொம்மை.

இன்னொரு தொல்லை. டிராயிங் பார்க்கிற வெங்கட், "மேடம், ஒரு காலைத் தூக்கினா வெயிட் முன்னால சாயுது, விழுந்திடும்" என்கிறான். வயிற்றுக்குக் கீழே ஒரு கம்பி கொடுக்கச் சொல்கிறான். கம்பி கொடுத்தால் அது கடை வாசலில் நிறுத்தின யானையாகிவிடும்.

யோசித்துப் பார்த்தேன். கேட்டைப் பார்த்து நடந்து வருகிற யானையைவிட, போய்க்கொண்டே இருந்து திரும்புகிற யானை நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. முழு உடம்பும் அதில் வேலை செய்யும். திரும்பும்போது எந்தக் கால் முதலில் எடுக்கும்? தலை எங்கே இருக்கும்? காது? நீ பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. முடிந்தால் ஒரு தடவை முன்னால் இருந்து பார்த்துச் சொல்.

ராத்திரி ஷிப்ட் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பகலில் மண், அப்புறம் மெழுகு. கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றாகக் குழைகிறது.

ஜெயா

*

மூக்கண்டப்பள்ளி
7 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நாலு வாரமாகப் பதில் இல்லை. கோவிந்தப்பன் அண்ணனைக் கேட்டால், "வீடு பூட்டிக் கிடக்குதும்மா, காட்டுப் பக்கம் போயிருப்பாங்க" என்கிறார். அண்ணி கூடவா காட்டுக்குப் போய்விட்டாள்?

உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலாளி தினமும் வந்து பார்க்கிறார். நான் ஈரத் துணியைப் போர்த்தி வைத்திருக்கிறேன். உன் பதில் வந்தால்தான் துணியை எடுப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரி எழுத உனக்கு இவ்வளவு நாளா? யானை விரட்டுகிறவனுக்கு யானையைப் பார்க்க நேரமில்லை என்றால் நான் யாரைக் கேட்பேன்?

பொங்கலுக்கு வர முடியாது. ஆர்டர் நெருக்குகிறது. வந்தாலும் தங்கச்சியை ஏன் புருஷன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று ஊரார் உன்னைத்தான் கேட்பார்கள். நான் அந்த வீட்டை விட்டு வந்து எட்டு வருஷமாகியும் அதை விட மாட்டேன் என்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயா

*

அஞ்செட்டி மலை
29 ஜனவரி 2024

ஜெயாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. பெல்ட் கெம்பம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. பதில் போடாதது என் தப்புதான். ராகி அறுப்பு, அப்புறம் கொஞ்சம் அலுப்பு. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது கிடைத்தது. என்கூட இருக்கிற வாட்சர் முத்துமணி முன்னாலிருந்து பார்த்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

விடிந்த நேரம். கூட்டம் காய்ந்த ஓடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கிவி கடைசியாகப் போகிறாள். குட்டி இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது, மணல் சரிவில் இறங்கப் பயம். அவள் நாலு எட்டு போய்விட்டு நின்றாள்.

முதலில் கால் எதுவும் எடுக்கவில்லை. தலை இறங்கியது. நீ எந்தக் கால் என்று கேட்டாய், கால் இல்லை, தலைதான். விசிறிக்கொண்டிருந்த காது இரண்டும் நின்று கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தும்பிக்கை உள்ளே சுருண்டு தாடைக்குக் கீழே போய்விட்டது. பின்கால் இரண்டும் கிட்டக்கிட்ட வந்து கொஞ்சம் மடங்கியது, மூட்டை தூக்கக் குனிகிறவன் கால் மாதிரி. அதற்கு அப்புறம்தான் இடது முன்கால் எழுந்தது. எழுந்த இடத்தில் ஊன்றவில்லை, வெளிப்பக்கம் தள்ளி ஊன்றியது. மொத்த உடம்பும் பின்காலைச் சுற்றித் திரும்பியது, தூணில் கேட் திரும்புகிற மாதிரி. வயிறு எதிர்ப்பக்கம் வீசியது.

முக்கியமானது ஒன்று. எலும்பு முதலில் திரும்புகிறது. தோல் அப்புறம்தான் வருகிறது. தோளிலிருந்து விலா வரைக்கும் மடிப்பு மடிப்பாகப் பின்தங்கி வருகிறது, ஈரக் கம்பளியை இழுத்த மாதிரி. சத்தமே இல்லை. தூசிகூட அப்போது கிளம்பவில்லை. முதலில் நிழல் வந்து என் மேல் விழுந்தது.

இவ்வளவுதான். செய்து பார்.

சம்பங்கி

*

மூக்கண்டப்பள்ளி
18 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

அலுப்பு தீர்ந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் உண்மையாகவே சொல்கிறேன்.

பழைய மண்ணைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். பதினெட்டு நாள். தலையை நாலு விரல் இறக்கினேன், பின்கால்களை ஒட்ட வைத்து மடக்கினேன். வெங்கட் ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு அளந்து பார்த்தான். மறுபடி அளந்தான். "மேடம், வெயிட் இப்ப பின்கால்ல உட்கார்ந்திருக்கு. கம்பி வேண்டாம்" என்றான். யானைக்கே தெரிந்திருக்கிறது எப்படி விழாமல் இருப்பது என்று. நாங்கள்தான் கம்பி தேடினோம்.

தோல் பின்னால் வருவதுதான் எல்லாம். அதை நான் எந்த வீடியோவிலும் கவனித்ததில்லை. தோளிலிருந்து விலாவுக்கு மடிப்புகளை எதிர்ப்பக்கம் இழுத்துவிட்டேன். விட்ட உடனே எலும்பு நகர ஆரம்பித்துவிட்டது. மண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று முதலாளி வந்தார். துணியை எடுத்தேன். சுற்றி வந்து முன்னால் நின்றார்.

"தும்பிக்கை தூக்கச் சொன்னேனே."

"தூக்கினா இந்த வேகம் போயிடும் சார்."

"இது ஏன் இவ்வளவு கோபமா இருக்கு?"

"கோபம் இல்லை சார். குட்டி பின்னாலயே நின்னுடுச்சு. அதுக்காகத் திரும்புது."

மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்தார். "அப்ப குட்டியையும் செஞ்சிடலாமா?" என்றார்.

"அதுக்கு நம்ம உலை காணாது சார்."

"சரி, இப்படியே இருக்கட்டும்" என்று போய்விட்டார். எனக்கு நம்ப முடியவில்லை.

முத்துமணிக்கு என் நன்றியைச் சொல். அவருக்கு எவ்வளவு கூர்மையான கண். அவர் ஓசூர் பக்கம் வந்தால் அவசியம் என்னைப் பார்க்கச் சொல். யானையைக் காட்ட வேண்டும். உனக்கும்தான். யுகாதிக்கு நான் வரட்டுமா?

ஜெயா

*

அஞ்செட்டி மலை
6 மார்ச் 2024

ஜெயாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ செய்தது நல்லது. முதலாளி ஒத்துக்கொண்டதும் நல்லது. முத்துமணியிடம் சொல்கிறேன்.

ரேஞ்சர் என்னைச் செக்போஸ்டில் போட்டிருக்கிறார். வண்டி நம்பர் எழுதுகிற வேலை. நாற்காலி இருக்கிறது, நிழல் இருக்கிறது. வயசாகிறதில்லையா.

யுகாதிக்கு வர வேண்டாம். தண்ணீர் கஷ்டம். கெம்பம்மாவும் அம்மா வீட்டுக்குப் போவாள் போல இருக்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பங்கி

*

அஞ்செட்டி மலை
20 மார்ச் 2024

ஜெயாவுக்குக் கெம்பம்மா எழுதுகிறேன். என் தமிழ் எழுத்து உனக்குத் தெரியும், தப்பு இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ முத்துமணிக்கு நன்றி சொல்லச் சொல்லி எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை மூன்று நாள் எடுத்து எடுத்துப் படித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே செருகினார் அவர். எனக்குப் பொறுக்கவில்லை.

முத்துமணி எதையும் பார்க்கவில்லை. அவன் ஓடையின் அந்தப் பக்கம் இருந்தான். அவன் வந்து தூக்கினவன். பார்த்தது உன் அண்ணன்தான்.

டிசம்பர் இருபத்தோராம் தேதி காலை. யானை விரட்டுகிற வேட்டு கையில் இருந்தது. கிவி திரும்பினால் கொளுத்திப் போட வேண்டியதுதான், அதுதான் வழக்கம். இவர் போடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். குட்டிக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கிறோம் என்பதுகூட இவருக்கு அப்போது தெரியவில்லையாம். நெற்றியால் ஒரு தள்ளு தள்ளினாள். மேலே மிதிக்காமல் தாண்டிக் குட்டியிடம் போய்விட்டாள். வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. இடுப்பிலும் விரிசல்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தோம். உன் ரூமுக்கு நடந்து வருகிற தூரம். உன்னைக் கூப்பிடுகிறேன் என்று தினமும் கேட்டேன். "தான் கேட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சுக்குவா, யானை செய்யறதை நிறுத்திடுவா. வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு படுத்துக்கொண்டு ஐந்து நாள் அந்தக் கடிதத்தை எழுதினார். கிழித்துக் கிழித்து எழுதினார்.

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். இனிமேல் காட்டில் ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். இப்போது அவ்வளவு இல்லை. அவர் வராதே என்பார். நான் வா என்கிறேன்.

கெம்பம்மா

*

மூக்கண்டப்பள்ளி
24 மார்ச் 2024

அண்ணா,

அண்ணி எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே.

ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. நீ அங்கே படுத்திருந்த நாளில்தான் இரண்டு வரி எழுத இவ்வளவு நாளா என்று உனக்கு எழுதியிருக்கிறேன்.

'நிழல் வந்து என் மேல் விழுந்தது' என்று எழுதியிருந்தாய். முத்துமணி மேல் இல்லை, என் மேல். பத்துத் தடவை படித்தேன் அந்தக் கடிதத்தை. தோள் எப்படி, காது எப்படி என்றுதான் படித்தேன். அந்த ஒரு வார்த்தை என் கண்ணில் படவே இல்லை.

மண்ணிலிருந்து அச்சு எடுத்து, மெழுகும் ஊற்றியாகிவிட்டது. ஏழு துண்டாக மேஜையில் கிடக்கிறது. என்னால் தொட முடியவில்லை. மெழுகுதானே, உருக்கினால் அரை மணி நேரம். முதலாளியிடம் எனக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வெளியே யாரிடமாவது தும்பிக்கை தூக்கின யானை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

வலி எப்படி இருக்கிறது? உட்கார முடிகிறதா? உண்மையைச் சொல்.

ஜெயா

*

அஞ்செட்டி மலை
5 ஏப்ரல் 2024

ஜெயாவுக்கு,

உண்மையைச் சொல்கிறேன். உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். ராத்திரி புரண்டால் வலிக்கும். மழை வருவது எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. மற்றபடி சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. கெம்பம்மாவைத் திட்டவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ கேட்டதால் நான் அங்கே போகவில்லை. அன்றைக்கு என் வேலை அங்கேதான். நீ கேட்காவிட்டாலும் அந்த ஓடையில்தான் நின்றிருப்பேன். வேட்டுப் போட்டிருப்பேன், அது ஒன்றுதான் வித்தியாசம். போடாதது நான். கையிலிருந்த தீக்குச்சியை நான்தான் உரசவில்லை.

ஏன் என்று கெம்பம்மா கேட்டாள், ரேஞ்சர் கேட்டார். கை நடுங்கிவிட்டது என்று சொன்னேன். உனக்குச் சொல்கிறேன், கை நடுங்கவில்லை. பதினாலு வருஷம் அதுகள் பின்னால் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். அங்கே விரட்டு, இங்கே விரட்டு. ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் திரும்பியது. பார்த்து முடிக்காமல் வேட்டுப் போட மனசு வரவில்லை. அது முட்டாள்தனம்தான். ஆனால் என்னுடையது. அதை நீ எடுத்துக்கொள்ளாதே.

இந்தக் காலோடு இனி நான் அவளைப் பார்க்கப் போவதில்லை. அதை நீ உருக்கிவிட்டால், பார்த்ததும் போய்விடும். உடைந்தது மட்டும் மிச்சம் இருக்கும்.

உருக்காதே.

சம்பங்கி

*

மூக்கண்டப்பள்ளி
23 ஜூன் 2024

அண்ணனுக்கு,

கால் எப்படி இருக்கிறது? அண்ணி மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறாளா?

சித்திரையில் வந்து இரண்டு நாள் இருந்தேனே, நீ யானையைப் பற்றிக் கேட்பாய் என்று பார்த்தேன். நான் சொல்வேன் என்று நீ பார்த்திருப்பாய். இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நீ கம்பை ஊன்றித் தண்ணீர்க் குடம் வரைக்கும் நடப்பதைப் பார்த்த பிறகு எனக்கு யானைப் பேச்சை எடுக்க வரவில்லை. அதனால் இப்போது எழுதிவிடுகிறேன்.

ஊரிலிருந்து வந்த மறுநாள் மெழுகை எடுத்தேன். மேலே கஞ்சி மாதிரி ஒரு குழம்பும் மணலும் மாற்றி மாற்றிப் பூசி, ஒன்பது பூச்சு. காய்ந்து ஓடு மாதிரி ஆனதும் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் வெண்கலம் போக வேண்டும். மே பதினாலாம் தேதி வார்த்தோம். உலைக்காரர்கள் விசிறி ஊற்றுகிற அவசரத்தில் ஊற்றிவிட்டார்கள். வலது காதில் வெண்கலம் ஓடவில்லை, ஓரம் மெல்லிசு, நடுவிலேயே உறைந்துவிட்டது. மறுபடி மெழுகு, மறுபடி ஒன்பது பூச்சு. இந்தத் தடவை அந்த ஓடு நன்றாகச் சூடாகிற வரை வைத்திருந்து, மெதுவாக ஊற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். நிரம்பியது.

ஏழு துண்டையும் பற்றவைத்து, தேய்த்து, ராவி முடிக்கப் பத்து நாள். மடிப்புகளில் வேறு யாரையும் ராவ விடவில்லை, நானே சின்ன அரத்தால் செய்தேன். குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். மினுக்கினால் தோல் போய்விடும் என்றேன். மருந்து போட்டுப் பழுப்பாக விட்டிருக்கிறேன்.

ஆள் உயரப் பீடம் கட்டி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று தகராறு செய்து, தரையோடு ஒரு கல்லின் மேல் வைக்கச் சொன்னேன். முந்நூற்றைம்பது கிலோ. கம்பி எதுவும் இல்லாமல் தானாக நிற்கிறது.

விழா நடந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். அடுத்த நாளிலிருந்து மறுபடி மெழுகு விசிறிதான். நான் அந்த கேட் வழியாகத்தான் தினமும் போகிறேன். இன்னும் அதன் முன்பக்கம் போய் நின்று பார்க்கவில்லை, அண்ணா. பின்பக்கமாகவே நடந்து உள்ளே போய்விடுகிறேன்.

ஜெயா

*

அஞ்செட்டி மலை
11 ஜூலை 2024

ஜெயாவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். கெம்பம்மாவுக்குச் சளி, கஷாயம் குடிக்கிறாள். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ராகி விதைக்க உழுது போட்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போட்டோ எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டதாம். பத்து மணிக்கே முடிந்துவிட்டது. பஸ் இரண்டு மணிக்குத்தான். ஆட்டோ ஏறி உன் கம்பெனிக்கு வந்தேன்.

ஆட்டோ பின்பக்கமாக வந்து நின்றது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அவள்தான். போகிற இடுப்பு. கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றி வந்தேன். விலா மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சூடாக இருந்தது. அப்புறம் முன்னால் போனேன்.

முன்னால் போனதும் என் கால் தானாகப் பின்வாங்கிவிட்டது, ஜெயா. உடைந்த காலேதான். கம்பு கீழே விழுந்துவிட்டது. உயரம் என் இடுப்புக்குத்தான் வருகிறது, வெண்கலம் என்று தெரிகிறது, இருந்தாலும் கால் கேட்கவில்லை. கேட் காவலாளி ஓடி வந்து பிடித்தார். கால் வலியாக்கும் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் எதிரிலேயே போடச் சொல்லி உட்கார்ந்தேன்.

"என்ன பெரியவரே, அப்படிப் பார்க்கறீங்க?" என்றார்.

"இது எங்க பக்கத்து யானை" என்றேன்.

"எல்லாரும் இங்க நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. ஆனா ஒருத்தரும் முன்னால ரொம்ப நேரம் நிக்கறதில்ல. சைடுக்குப் போயிடறாங்க" என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னால் தாங்குவது அவ்வளவுதான். அன்றைக்கு ஓடையில் எனக்குக் கிடைத்தது கண் மூடித் திறக்கிற நேரம். அப்போது பார்க்காமல் விட்டதை எல்லாம் இப்போது பார்த்தேன். வலது கண் ஓரத்தில் ஒரு சுருக்கம் வைத்திருக்கிறாய். அதை நான் உனக்கு எழுதவில்லை. ஆனால் சரியாக இருக்கிறது. குட்டியைத் தேடுகிற கண் அப்படித்தான் இருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறாள். அது செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் புரிந்தது. ஏழு மாசமாக, என்மேல் அவளுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீயும் ஒரு தடவை முன்னால் போய் நில். ஒன்றும் ஆகாது.

உன்னைக் கூப்பிடட்டுமா என்று காவலாளி கேட்டார். வேலை நேரம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கூப்பிடச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ராயக்கோட்டை ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். லீவு போட்டுவிட்டு வந்து நில்.

சம்பங்கி